பத்தாவது வளைவு

அந்த டேப்லட்டை நாங்கள் இருவரும் தொட்டதே இல்லை.
படத்தில் பார்த்திருக்கிறோம். எடை தெரியும், கிராமில்.
போன வருடத்துக் காலண்டர் அட்டையை
அளவெடுத்து வெட்டி,
கனம் போதாமல், பின்னால் நாலு பாக்கெட் வர்க்கியை
ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டினான் போஜன்.
அதுதான் எங்கள் சோதனைக் கருவி.
இரண்டு கையாலும் பிடித்து
ஸ்டியரிங்போல் அவன் ஒடித்துத் திருப்ப
வாயால் நான் எஞ்சின் ஓட்டினேன்.
கீழே பேக்கரியில் மாவு பிசைகிறவர்
மேலே யாருக்கு வலிப்பு என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

விளையாட்டு இவ்வளவுதான்:
கோத்தகிரியில் பஸ்ஸை எடுத்து மேட்டுப்பாளையத்தில் விட வேண்டும்.
நீங்கள்தான் டிரைவர். பிரேக்கை நம்பாதீர்கள்.
குஞ்சப்பனையில் ஒரு யானை குறுக்கே நிற்கும்.
அதற்கு அவசரமில்லை.

கடைசி நாள்.
அவர்கள் ஊர் நள்ளிரவு, எங்களுக்கு மதியம் பன்னிரண்டரை.
பதினோரு மணிக்குக் கரண்ட் போனது.
லேப்டாப்பில் எழுபது நிமிடம் உயிர்,
டாங்கிளில் ஒரே ஒரு கோடு.
போஜனின் வண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து
மடியில் திறந்த திரையோடு
அரவேணு வரை போனேன்.
கோடு இரண்டானது. மூன்றானது.
பச்சை இலை எடை போடும் ஷெட் ஓரமாக நிறுத்தினோம்.
மூட்டையோடு வரிசையில் நின்றவர்கள்
எங்கள் திரையையும் எட்டிப் பார்த்தார்கள்.
எழுபத்தெட்டு சதவீதம்.
"எத்தனை கிலோ?" என்றார் ஒரு அக்கா.
பத்தொன்பது எம்பி என்றேன்.
"ஈர இலைன்னு சொல்லி எப்படியும் பிடிச்சுக்குவான்" என்றார்.

பன்னிரண்டு இருபத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தது.
இரண்டு டீ. ஒரு பஜ்ஜி, பாதிப் பாதி.

நாலாம் நாள் கடிதம் வந்தது.
மரியாதையான கடிதம்.
பத்தாவது வளைவில் திரை முழுக்க வெள்ளையாகிவிடுகிறது,
மேற்கொண்டு நகர முடியவில்லை,
பிழையைத் திருத்தி மீண்டும் அனுப்பவும்.
கூடவே ஆதாரத்துக்கு ஒரு படம்: வெறும் வெள்ளை.

அந்த வெள்ளைக்கு நான் பதினோரு இரவு உழைத்திருந்தேன்.
முதலில் பால்போல் வந்தது, அழித்தேன்.
பிறகு சுண்ணாம்புச் சுவர்.
அப்புறம்தான் ஓரத்தில் கொஞ்சம் சாம்பல் சேர்த்து
எதிரே ஏறிவரும் லாரியின் மஞ்சளை
இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு
ஒரு சொட்டு விட்டேன்.
உற்றுப் பார்த்தால்
அவர் அனுப்பிய படத்திலும் அந்தச் சொட்டு இருந்தது.

"எடுத்துடலாம் யோகேஸ்வரி. ஒரு வரிதானே."
ஒரு வரிதான்.
ஒன்று இருக்கும் இடத்தில் பூஜ்யம் போட்டால்
மலை முழுக்க வெயில்.
விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
டானிங்டன் பக்கம் ஏதோ ஒரு பஸ்
கண்ணுக்குத் தெரியாத எதற்கோ
ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது.

பரிசோதகருக்குக் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு.
யாரும் நிரப்புவதில்லை.
அதில் எழுதினேன்:
ஐயா, அல்லது அம்மா,
அது பிழை அல்ல, பனிமூட்டம்.
இரண்டாவது கியருக்கு வாருங்கள்.
வலது கட்டைவிரல் படும் இடத்தில் ஹாரன் இருக்கிறது, அடியுங்கள்.
எதிரே வருகிறவரும் அடிப்பார்.
கொஞ்சம் பொறுத்தால் விலகும்.

ஒரு எழுத்தும் மாற்றாமல் அதே மூட்டையை
மறுபடி தராசில் வைத்தேன்.
போஜன் என்னோடு ஒருநாள் முழுக்கப் பேசவில்லை.
சோதனைக் கருவியின் பின்பக்கத்தைப் பிரித்துத் தின்றுவிட்டான்.

விற்பனை தொடங்க இன்னும் இரண்டு நாள்.
பரிசீலனையில், என்ற ஒரே சொல்.
தூக்கம் வராத விடிகாலை
ஓட்டியவர் பட்டியலைத் திறந்தேன்.
இதுவரை அதில் இரண்டே பெயர், அவன், நான்.
மூன்றாவதாகப் பெயர் இல்லாத ஒருவர்.
பத்தாவது வளைவில் ஆறு நிமிடம்.
அடித்த ஹாரன் நாற்பத்தொன்று.
இப்போது நிற்கும் இடம், குஞ்சப்பனை.

யானை நிற்கிறது.
அதற்கு அவசரமில்லை.